முறைப்பாடு இல்லை

பாரிட் செலாசியில் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணியைத் தெரிந்துகொள்ளக் கடிகாரம் தேவையில்லை. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, கஞ்சி போட்டு மொடமொடக்கும் வேட்டி, மழை பெய்தாலொழிய விரியாத குடை, இவற்றோடு சோமசேகரம் சீனரின் காப்பிக்கடையைத் தாண்டினால் மணி ஒன்பது. "புக்கு ஐயா போறாரு" என்பார்கள் கடையில் இருப்பவர்கள். அவர் போவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. அவர் போலீஸ்காரரும் இல்லை, கைதியும் இல்லை. ஆனாலும் வாரம் தவறாமல் போவார், அரை மணி நேரம் இருப்பார், காப்பி குடிப்பார், ஒரு தடித்த புத்தகத்தில் ஏதோ எழுதிவிட்டு வருவார்.

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் கப்பலேறி வந்தவர். மலாயாவில் ஜொகூர் அரசாங்கத்தில் இருபத்தைந்து வருஷம் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை பார்த்தார். ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பாமல், பத்து பாகாட்டிலிருந்து யோங் பெங் போகும் சாலையில் இருக்கும் பாரிட் செலாசியிலேயே மனைவி செல்லப்பாக்கியத்தோடு தங்கிவிட்டார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். கோயிலில் புராணம் படித்துப் பொருள் சொல்வார். அப்போது யாராவது ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தால் அவருக்குப் பல்வலி வந்தது போல முகம் போகும்.

1928-ல் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. போலீஸ் லாக்கப்பில் இருப்பவர்களை வாரத்துக்கு ஒருமுறை வெளியாள் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். குறை உண்டா என்று கேட்க வேண்டும். சொன்னதை அப்படியே புத்தகத்தில் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை அந்தப் புத்தகம் மேலிடத்துக்குப் போகும். போலீஸைப் போலீஸே பார்த்துக்கொண்டால் போதாது என்று யாரோ ஒரு நல்ல மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. இங்கிலீஷும் மலாயும் தமிழும் தெரிந்த, கை சுத்தமான ஆள் வேண்டும் என்று தேடியபோது சோமசேகரம் அகப்பட்டார். சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. உண்மையைச் சொன்னால் அவருக்கு வேண்டியதும் அதுதான்.

அவர் போனதும் இன்ஸ்பெக்டர் எழுந்து நிற்பார். லாக்கப் கம்பிக்கு முன்னால் பிரம்பு நாற்காலி வரும், காப்பி வரும். கார்ப்பரல் சாவிக்கொத்தோடு பக்கத்தில் நிற்பார். உள்ளே மலாய்க்காரர்களோ சீனர்களோ இருந்தால் சோமசேகரம் மலாயில் கேட்பார்: "அடுவான் அடா?" குறை இருக்கிறதா என்று அர்த்தம். அவர்கள் கூச்சப்படாமல் சொல்வார்கள். சோறு வேகவில்லை, பாயில் மூட்டைப்பூச்சி, கக்கூஸ் வாளியைக் கொட்டி மூன்று நாளாச்சு. எல்லாவற்றையும் மணிமணியான இங்கிலீஷ் கையெழுத்தில் எழுதுவார். அடுத்த வாரம் பாய் மாறியிருக்கும், வாளி காலியாக இருக்கும். புத்தகம் வேலை செய்தது. அதில் சந்தேகமே இல்லை.

தமிழர்கள் இருந்தால் அவர் குரல் சற்றுக் கனிந்துவிடும். புராணம் படிக்கிற குரலில் நிறுத்தி நிதானமாகக் கேட்பார்: "முறைப்பாடு ஏதும் உண்டோ?"

சொல்லி வைத்தாற்போல் ரப்பர் தோட்டத்து ஆட்கள் சடாரென்று எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "இல்லீங்கையா! இல்லவே இல்லீங்க!" என்பார்கள். அவர்களில் சின்னத்தம்பி என்றொருவர் நிரந்தர விருந்தாளி. கள்ளுக்கடையில் பாட்டுப் பாடுவார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே வருவார். அவரும் கேள்வி முடிவதற்குள்ளேயே தலையை ஆட்டுவார். சோமசேகரம் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் எழுதுவார்: முறைப்பாடு இல்லை.

இதில் அவருக்குப் பெருமை வேறு. கோயில் மண்டபத்தில் சிநேகிதர்களிடம் சொல்வார். "மற்றச் சனம் மூட்டைப்பூச்சிக்கும் முறைப்பாடு சொல்லுதுகள். எங்கட தோட்டத்துச் சனம் வாய் திறக்காதுகள். பொறுமையான சனம்."

எங்கட சனமாம். முப்பது வருஷம் இந்த நாட்டில் இருந்தவர், அந்தச் சனத்தோடு ஒரு வேளை உட்கார்ந்து பேசியதில்லை. அவர்கள் பேசுவதைக் கூலித் தமிழ் என்பார். வா, போ, அதை இங்கே வை என்பதற்கு மேல் அவர்களிடம் அவருக்குப் பேச்சு வேண்டியிருக்கவும் இல்லை.

1934-ஆம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை. லாக்கப்பில் ஒரே ஒருவர்தான் இருந்தார். செலாசித் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் ஐயாசாமி. பொழுது சாயும் நேரத்தில் விளக்கில்லாத சைக்கிளில் வந்தார் என்று பிடித்திருந்தார்கள். இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வீங்கிக் கிடந்தது. புருவத்துக்கு மேல் ரத்தம் உறைந்திருந்தது.

"முறைப்பாடு ஏதும் உண்டோ?"

"இல்லீங்கையா."

சோமசேகரம் கல்நெஞ்சக்காரர் இல்லை. வீங்கிய கையைப் பார்த்துவிட்டு அப்படியே போக அவருக்கு மனம் வரவில்லை. "அப்ப இந்தக் கைக்கு என்ன நடந்தது?"

ஐயாசாமி கார்ப்பரலை ஒரு முறை பார்த்தார். "அடிபட்டுச்சுங்க."

"ஆரோட அடிபட்டனீர்?"

ஐயாசாமிக்குக் கேள்வி பாதிதான் விளங்கியது. யாரோடு இருந்தபோது என்று கேட்கிறார் போலிருக்கிறது. "மாத்தாங்களோடதாங்க இருந்தேன்" என்றார் மெதுவாக. போலீஸ்காரரைத் தோட்டத்தில் மாத்தா என்றுதான் சொல்வார்கள்.

சோமசேகரம் பெருமூச்சு விட்டார். நல்ல சனம், ஆனால் கோபம் வந்தால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார். பிறகு எழுதினார். போலீஸாரோடு தான் சண்டையிட்டதாகக் கைதியே சொல்கிறார். முறைப்பாடு இல்லை. கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், காப்பியைக் குடித்து முடித்தார்.

திங்கட்கிழமை காலை அவர் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பால் காட்டிலிருந்து நேரே வந்திருக்கிறாள். சேலையில் ரப்பர்பால் வாடை அடித்தது. ஐயாசாமியின் மனைவி, பெயர் கருப்பாயி. கும்பிட்டாள், ஆனால் குனியவில்லை.

"ஐயா, நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்குக் கோர்ட்டு. மாத்தாவ அடிச்சாருன்னு கேசு. ஆறு மாசம் உள்ள தள்ளிடுவாங்களாம். அப்புறம் தோட்டத்துலயும் பேர வெட்டிடுவாங்க, லயத்து வீடும் போயிடும். நானும் ரெண்டு புள்ளைங்களும் எங்க போறது? 'ஒங்க தமிழய்யாவே புக்குல எழுதிட்டாரு, இனி யார் வந்தாலும் ஒண்ணும் ஆகாது'ன்னு கார்ப்பரலு சிரிக்கிறாரு. ஏன் ஐயா அப்படி எழுதுனீங்க?"

சோமசேகரத்துக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷத்தில் அவர் புத்தகத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்டதில்லை. "பிள்ளை, நான் என்ர பாட்டுக்கு ஒண்டும் எழுதேல்லை. உம்மட மனுசன் என்ன சொன்னவரோ அதைத்தான் எழுதினனான்."

"அவரு என்ன சொன்னாரு?"

"அடிபட்டதெண்டு சொன்னவர்."

"ஆமா, அடிபட்டுச்சுன்னுதான் சொன்னேன்னு அவரும் சொல்றாரு."

"அதைத்தானே நானும் எழுதினனான்."

"அப்புறம் எப்படி ஐயா மாத்தாவ அடிச்சாருன்னு ஆச்சு?"

"அடிபட்டதெண்டா வேற என்ன?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சொன்ன சொல்லில் இருவருக்கும் தகராறே இல்லை. தகராறு வேறெங்கோ இருந்தது, எங்கே என்றுதான் தெரியவில்லை. அவர் குரலை உயர்த்தினார், அவளும் உயர்த்தினாள். சமையலறையிலிருந்து செல்லப்பாக்கியம் எட்டிப் பார்த்தார்.

கடைசியில் கருப்பாயி சேலையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்துக் காட்டினாள். அங்கே ஒரு நீளத் தழும்பு. "இங்க பாருங்க. போன மாசம் பால்வாளி விழுந்து எனக்குக் கால்ல அடிபட்டுச்சு. நான் என்ன, வாளியோடவா சண்ட போட்டேன்?"

செல்லப்பாக்கியம்தான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். சோமசேகரத்தின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் ஊரில் அடிபட்டான் என்றால் அடிதடியில் இறங்கினான் என்று அர்த்தம். இரண்டு பேர் வேலிக்காக அடிபடுவார்கள், பங்காளிகள் அடிபடுவார்கள். இந்தப் பெண்ணின் ஊரில் அடிபட்டது என்றால் காயம்பட்டது, அவ்வளவுதான். பக்கத்தில் கார்ப்பரல் நிற்கும்போது, என்னை இவர்கள் அடித்தார்கள் என்று எந்தக் கைதி வாய்விட்டுச் சொல்வார்? அடிபட்டுச்சுங்க என்றுதான் பூசி மெழுகுவார். அந்தப் பூச்சைத்தான் அவர் இங்கிலீஷில் சண்டையாக்கி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

கருப்பாயி போன பிறகு அவர் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். கோர்ட்டில் மொழிபெயர்க்கிறவரும் யாழ்ப்பாணத்தவர்தான். நாளைக்கு ஐயாசாமி கூண்டில் ஏறி அதே வார்த்தையைச் சொல்வார், அவரும் அதே அர்த்தத்தைச் சொல்வார். புத்தகமும் அதையே சொல்லும். மூன்றும் ஒத்துப்போனால் எந்த நீதிபதிக்குத்தான் சந்தேகம் வரும்?

"போய்ச் சொல்லுங்கோவன்" என்றார் செல்லப்பாக்கியம்.

"என்னெண்டு சொல்லுறது? எனக்குத் தமிழ் விளங்கேல்லை எண்டோ? நாளைக்குக் கோயிலில என்ர முகத்தில ஆர் முழிப்பினம்?"

"அந்தப் பிள்ளை எங்க போய் இருக்கும்?"

மறுநாள் காலையில் சோமசேகரம் கோட்டைப் போட்டுக்கொண்டு பத்து பாகாட்டுக்குப் பஸ் ஏறினார்.

கோர்ட்டில் அவர் எழுந்து பேசியது பத்து நிமிஷம்கூட இருக்காது. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் கோட்டு முதுகுப் பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. புத்தகத்தில் இருப்பது கைதி சொன்னதல்ல, தாம் தப்பாக விளங்கிக்கொண்டது என்றார். மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் சோமசேகரம், உங்களுக்குத் தமிழ் தெரியாது என்றா சொல்கிறீர்கள்?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னுடைய தமிழ் எனக்குத் தெரியும், ஐயா. இவருடைய தமிழ் தெரியவில்லை."

பிறகு பால்வாளிக் கதையைச் சொன்னார். கருப்பாயியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் வாளி விழுந்ததை அப்படியே சொன்னாள், கேட்டால் தழும்பைக் காட்டவும் தயாராக இருந்தாள். கை எப்படி வீங்கியது என்று ஐயாசாமியை மறுபடி விசாரித்தார்கள். இந்தத் தடவை அவர் போலீஸ்காரர்கள் அடித்ததைச் சொன்னார். போலீஸ்காரரை அடித்ததாகச் சொன்ன கேஸ் மத்தியானத்துக்குள் விழுந்தது. சைக்கிள் விளக்குக்கு ஓர் எச்சரிக்கையோடு ஐயாசாமியை விட்டுவிட்டார்கள்.

வெளியே மரத்தடியில் மூவரும் நின்றார்கள். ஐயாசாமி கழுத்தில் துண்டைக் கட்டிக் கையைத் தொங்கவிட்டிருந்தார். கருப்பாயி அழுதாள், இத்தனை நாள் அழாததற்கும் சேர்த்து. சோமசேகரத்துக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அவமானப்பட்டாலும் பரவாயில்லை, தன் பிழையைத் தானே திருத்திவிட்டார். அந்தச் சந்தோஷத்தில், விடைபெறும்போது, கொஞ்சம் விளையாட்டாகவே கேட்டார்.

"சரி, இனி வேற முறைப்பாடு ஏதும் உண்டோ?"

ஐயாசாமி சட்டென்று விறைத்தார். நல்ல கை தானாகவே துண்டைத் தேடி இடுப்புக்குப் போனது. "இல்லீங்கையா! நான் யாரையும் மொறைக்கலீங்க! இல்லவே இல்லீங்க!"

சோமசேகரம் சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "என்ன? ஆர் ஆரை முறைக்கிறது?"

ஐயாசாமி விழித்தார். கருப்பாயிதான் சொன்னாள். "அதாங்கையா, நீங்க வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து கேப்பீங்களே, மாத்தாவ மொறைச்சியான்னு. எங்க லயத்துல ஆம்பளைங்கள புடிச்சிட்டுப் போனா, போறப்பவே சொல்லி அனுப்புவோம். 'ஒரு வெள்ளக் கோட்டு ஐயா நாக்காலி போட்டு ஒக்காந்து, மொறைப்பாடு உண்டான்னு கேப்பாரு, இல்லவே இல்லைன்னு சொல்லிடு, ஆமான்னா இன்னும் ஒதைப்பாங்க'ன்னு."

"முறைப்பாடு எண்டா…" என்று ஆரம்பித்தார் அவர். அவர் ஊரில் அதற்குக் குறை என்று அர்த்தம், இவர்கள் காதில் விழுந்தது முறைப்பு.

"நீங்க மாத்தா ஆளுன்னுதாங்கையா நெனச்சிருந்தோம். இன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு நல்லவருன்னு" என்றார் ஐயாசாமி, மனதாரவே.

பஸ்ஸில் திரும்பும்போது சோமசேகரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மரம் மரமாகப் பால்காடு போய்க்கொண்டிருந்தது. மலாய்க்காரரிடம் மலாயில் கேட்டார், அவர்கள் பதில் சொன்னார்கள். தன்னுடையவர்கள் என்று யாரைச் சொன்னாரோ அவர்களிடம் மட்டும் அவர் எதையுமே கேட்டிருக்கவில்லை. குறை சொல் என்று கேட்டதாக நினைத்து, குற்றத்தை ஒத்துக்கொள் என்று ஆறு வருஷம் மிரட்டியிருக்கிறார். அவர்கள் பயத்தில் நடுங்கியதைப் பார்த்துப் பொறுமை என்று கோயிலில் பெருமை பேசியிருக்கிறார். வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"வெண்டிட்டியள்தானே, ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?" என்று கேட்டார் செல்லப்பாக்கியம். அவர் சோற்றைத் தள்ளி வைத்தார்.

"இஞ்சேர், ஆறு வருஷமா நான் அந்தச் சனத்திட்ட ஒரு கேள்வியும் கேக்கேல்லை."

புதன்கிழமை அவர் செலாசித் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு நடந்து போனார். அந்த வெள்ளைக் கோட்டை அங்கே யாரும் அதற்கு முன் கண்டதில்லை. கோழிகள்கூட விலகி நின்றன. கருப்பாயி வீட்டு வாசலில் நின்றுகொண்டு, லாக்கப்பில் இருக்கும் ஆளிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று கேட்டார். அவள் சொல்லிக் கொடுத்தாள். அவர் திருப்பிச் சொன்னார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடிச்சவையோ இல்லீங்க, அடிச்சாங்களா" என்று திருத்தினாள். புராணத்துக்குப் பொருள் சொன்ன மனிதர் நாலு தடவை சொல்லிப் பழகினார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காப்பிக்கடையைத் தாண்டினார். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எழுந்து நிற்கவில்லை. காப்பியும் வரவில்லை. நாற்காலி மட்டும் பழக்கத்தில் வந்தது. அதை ஒரு கையால் ஓரமாகத் தள்ளினார். சாவிக்கொத்தோடு நின்ற கார்ப்பரலிடம், வெளி வராந்தாவுக்குப் போய் நிற்கும்படி மலாயில் சொன்னார். உத்தரவில் அதற்கு இடம் இருந்தது. ஆறு வருஷமும் இருந்தது, அவர்தான் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. கார்ப்பரல் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார். கார்ப்பரல் போனார்.

உள்ளே சின்னத்தம்பி இருந்தார். இரண்டு நாளைக்கு முன்புதான் கள்ளுக்கடையில் பாடியிருக்கிறார். ஐயாவைக் கண்டதும் எழுந்து துண்டைக் கட்டிக்கொண்டு, கேள்வி வருவதற்கு முன்பே தலையை ஆட்டத் தொடங்கினார்.

சோமசேகரம் கஞ்சி போட்ட வேட்டியோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். பழக்கமில்லாத வாயில் வார்த்தைகள் கொஞ்சம் இடறின.

"சின்னத்தம்பி, ஒங்கள இங்க யாராச்சும் அடிச்சாங்களா?"

ஆடிக்கொண்டிருந்த தலை நின்றது. சின்னத்தம்பி வராந்தாப் பக்கம் பார்த்தார். ஓரமாகக் கிடந்த காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு மெல்லக் குந்தி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டார். குடித்த ஆளின் குரலாக அது இல்லை.

"எந்த வாட்டியிலேர்ந்துங்கையா சொல்லட்டும்?"

சோமசேகரம் புதிய பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். அதை விட்டுவிட்டுப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினார். முறைப்பாடு இல்லை, முறைப்பாடு இல்லை, முறைப்பாடு இல்லை என்று அவருடைய அழகான கையெழுத்து வந்துகொண்டே இருந்தது. 1928-ஆம் வருஷத்துப் பக்கத்தில் நிறுத்திப் பேனாவைத் திறந்தார்.

"மொத வாட்டியிலேர்ந்து சொல்லுங்க" என்றார்.